ஆர்லின் ஹெஸ் வாங்காத பெட்டகங்கள்

ஹெம்லாக் பள்ளத்தாக்கில் துப்பாக்கிப் பெட்டகம் வாங்க நினைப்பவர்கள் முதலில் ஆர்லின் ஹெஸ்ஸிடம் கேட்பார்கள். கேட்ட பிறகு வாங்க மாட்டார்கள். பத்தொன்பது வருடமாகப் பண்ணைச் சாமான் கடையில் பெட்டகம் விற்கிற எனக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் வாய்த்ததில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு அவர் வருவார். சிவப்புக் கறுப்புக் கட்டம் போட்ட மேல்சட்டை, அதன் வலது பையில் ஒரு ஐந்து சென்ட் காசு. கோழித் தீவன மூட்டைகளுக்கும் ரப்பர் பூட்ஸுகளுக்கும் நடுவில், கடையின் பின்வரிசையில், ஐந்து பெட்டகங்கள் நிற்கும். எல்லாம் அறுநூறு டாலருக்குள் அடங்குபவை. ஆர்லின் ஒவ்வொன்றின் கதவையும் திறந்து, தகட்டின் விளிம்பில் காசை நிறுத்தி, குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு எது தடிமன் என்று பார்ப்பார்.

"காசு ஜெயிச்சிருச்சு, லோரீன்," என்பார் என்னிடம், ஏதோ நான்தான் வீட்டில் உட்கார்ந்து அந்தத் தகட்டைத் தேய்த்து மெலிய வைத்த மாதிரி.

அடுத்து பக்கச்சுவரைத் தட்டுவார். பிஸ்கட் டப்பா சத்தம் வரும். கதவில் ஒட்டியிருக்கும் காகிதத்தைச் சத்தமாகப் படிப்பார். இருபத்து நான்கு துப்பாக்கி கொள்ளும் என்று போட்டிருக்கும்.

"பதினொண்ணு," என்பார். "பன்னெண்டாவத வெச்சா கதவு சாத்தாது. இருபத்து நாலு வைக்கணும்னா துப்பாக்கிய அரைச்சுப் பொடியாத்தான் கொட்டணும்."

அரை மணி நேரம் தீயைத் தாங்கும் என்று இன்னொரு காகிதம் சொல்லும். உள்ளே ஒட்டியிருக்கும் துணியை நகத்தால் விலக்கி, பின்னால் இருக்கும் ஜிப்சம் பலகையைக் காட்டுவார். வீட்டு உட்சுவருக்கு அடிக்கிற அதே பலகை. அது ஈரத்தை இழுத்து, தீ வருவதற்கு முன்பே துப்பாக்கியைத் துருப்பிடிக்க வைத்துவிடும் என்பார். அதற்குள் அவரைச் சுற்றி நாலு பேர் கூடியிருப்பார்கள். நாலு பேரும் கடைசியில் கோழித் தீவனம் வாங்கிக்கொண்டு போவார்கள்.

அவர் சொன்னதெல்லாம் உண்மை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். முப்பத்தோரு வருடம் தகட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். இரும்பு விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியாது.

ஆனால் இத்தனை தெரிந்த மனிதரின் வீட்டில் பெட்டகம் கிடையாது. பதினான்கு துப்பாக்கி இருந்தது. கோட் மாட்டும் அலமாரியில் தரை துடைக்கும் இயந்திரத்தோடு நான்கு, கட்டிலுக்கு அடியில் மூன்று, நிலவறையில் குளிர்பெட்டிக்கு மேலே ஐந்து, சமையலறைக் கதவுக்குப் பின்னால் துடைப்பத்துக்குத் துணையாக ஒன்று. பதினான்காவது, அவருடைய அப்பா விட்டுப்போனது, வரவேற்பறைச் சுவரில் மான் தலைக்குக் கீழே இரண்டு மர ஆணிகளில் கிடந்தது. மான் தலைக்கு அடியில் பித்தளைத் தகடு ஒன்று. ஆர்லின் தன் கையால் வெட்டிச் செதுக்கியது. சுட்ட வருடம், 1987, ஒரு வரி; துப்பாக்கியின் ரகம், 30-06, ஒரு வரி. எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம். தெருவிலிருந்து ஜன்னல் வழியாகவே படிக்கலாம்.

தகுதியான பெட்டகம் கிடைக்கும்வரை துப்பாக்கிகள் வெளியே இருக்கட்டும் என்பது அவர் வாதம். மோசமான பூட்டை நம்புவதைவிடப் பூட்டாமல் இருப்பது மேல் என்று அவர் சொன்னதை நானே இந்தக் காதால் கேட்டிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு க்ளைடுக்குத் தீயணைப்பு நிலையச் சீட்டுக் குலுக்கலில் ஒரு பெட்டகம் பரிசாக விழுந்தது. ஆர்லின் கடப்பாரையோடு போய்ச் சேர்ந்தார், சும்மா பார்க்கிறேன் என்று. பெட்டகத்தை மல்லாக்கப் படுக்கவைத்து, கதவு இடுக்கில் கடப்பாரையைக் கொடுத்து, மேலே ஏறி நின்றார். ஒன்பது நிமிடத்தில் கதவு வாழைப்பழத் தோல் மாதிரி மடிந்துவிட்டது.

"பாத்தியா," என்றார் ஆர்லின், மூச்சு வாங்கிக்கொண்டு. "திருடன் வந்தா ஒம்போதே நிமிஷம்."

"திருடன் வரலடா," என்றான் க்ளைட். "நீதான் வந்த."

க்ளைடின் மனைவி ஈஸ்டர்வரை அவரோடு பேசவில்லை. எங்கள் பள்ளத்தாக்கில் கடைசியாகத் திருட்டு நடந்து பதினோரு வருடம் ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மரம் அறுக்கும் ரம்பம் ஒன்று காணாமல் போனது. எடுத்தவன் பறிகொடுத்தவனின் மைத்துனன்.

ஆர்லினின் மனைவி ட்ரூடி பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். ஐம்பத்தொரு வயது. என் சிநேகிதி. குழந்தை இல்லை. இருந்த ஆசையெல்லாம் போய்விட்டது என்று அவளே நினைத்திருந்தபோது, வளர்ப்புப் பெற்றோர் தேவை என்று தேவாலயத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். இருவரும் பத்து வாரம் வகுப்புக்குப் போனார்கள். ஆர்லின் குறிப்பெல்லாம் எடுத்தார். சின்ன அறைக்கு மஞ்சள் சாயம் அடித்தார். கட்டிலைத் தானே செய்தார், அதன் காலைப் பிடித்து ஆட்டினால் வீடுதான் ஆடும்.

அக்டோபர் கடைசியில் மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ட்ரூடி அதை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தாள்.

"பன்னெண்டாம் தேதி வீட்டப் பாக்க வர்றாங்க," என்றாள். "ஒரு பொண்ணு இருக்கா. அஞ்சு வயசு. டெஸ்ஸான்னு பேரு. ரெண்டு வருஷத்துல மூணு வீடு மாறியிருக்கா."

கூட வந்த காகிதத்தையும் காட்டினாள். குழந்தையைப் பற்றி யாரோ கையால் எழுதியது. எண்கள் என்றால் உயிர், எங்கே பார்த்தாலும் படிப்பாள், பார்த்த பொத்தானையெல்லாம் அமுக்குவாள். காலிஃப்ளவர் சாப்பிட மாட்டாள். ட்ரூடி அதை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு எடுத்து மறுபடி படித்தாள்.

"நம்ம வீடு தேறலன்னா அவள மாநிலத்தோட அந்தக் கோடிக்கு அனுப்பிடுவாங்க, லோரீன். நாலு மணி நேரம் கார்ல. அங்க ஒரு இடம் காலியா இருக்காம்."

கடிதத்தில் மற்றதெல்லாம் சின்ன விஷயம். புகை எச்சரிக்கை மணி, வெந்நீர்ச் சூடு, மருந்துப் பெட்டிக்குப் பூட்டு. ஐந்தாவது வரி, துப்பாக்கி எல்லாம் பூட்டி இருக்க வேண்டும், தோட்டா வேறொரு பூட்டில் இருக்க வேண்டும்.

ஆர்லின் இதைத் தன் வாழ்நாள் சவாலாக எடுத்துக்கொண்டார். பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் கட்டம் கட்டி, நூறு மைல் சுற்றளவில் கிடைக்கும் பதினேழு பெட்டகங்களின் பெயரை எழுதினார். தகடு, கீல், கதவுத் தண்டு, எடை. முதல் வாரம் ஒன்பதை அடித்தார். எடை குறைவு, இரண்டு பேர் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். இரண்டாவது வாரம் ஏழை அடித்தார். மிச்சம் இருந்த ஒன்றின் விலை எங்கள் ட்ரக்கைவிட அதிகம்.

ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை, கடையில் வைத்தே ட்ரூடி கேட்டுவிட்டாள். சுற்றி ஆறு பேர் பூட்ஸ் பார்ப்பது போல் நின்றிருந்தார்கள்.

"எந்தத் திருடன் ஆர்லின்? பேரச் சொல்லு."

"பேரு தெரிஞ்சா அவன் என்ன திருடன்?"

"வரப்போறது அஞ்சு வயசுக் கொழந்த. அது கடப்பாரை தூக்கிக்கிட்டா வரும்?"

"தீ புடிச்சா?"

"தீ புடிச்சா கொழந்தயத் தூக்கிட்டு ஓடு. நின்னு துப்பாக்கிய எண்ணிக்கிட்டு இருக்காத."

ஆர்லின் காசைப் பையில் போட்டுக்கொண்டு, யோசிக்க வேண்டும் என்று சொல்லி வெளியே போனார். ட்ரூடி திரும்பி, வரிசையில் கடைசியாக நின்ற முந்நூற்று நாற்பத்தொன்பது டாலர்ப் பெட்டகத்தைக் காட்டினாள். எனக்கே மனசாட்சி உறுத்தியது.

"ட்ரூடி, அது அவ்வளவு ஒசத்தி இல்ல," என்றேன். என் வேலையில் முதல்முறையாக.

"பூட்டுமா?"

"பூட்டும்."

"அது போதும். இன்னிக்கே அனுப்பு."

அன்று சாயங்காலம் ஆர்லின் வீட்டுக்குப் போனபோது பெட்டகம் வரவேற்பறையில் நின்றிருந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து, செத்த வீட்டில் உட்காருகிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்புறம் எழுந்து காசை வைத்துப் பார்த்தார். காசு ஜெயித்தது. கூட வந்த விளக்கப் புத்தகத்தைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டார்.

பிறகு வேலையை ஆரம்பித்தார். மனிதரை அந்த ஒரு விஷயத்தில் நான் குறை சொல்ல மாட்டேன். மான் தலைக்குக் கீழே, தரைக்கு அடியில் உத்திரங்கள் கூடும் மூலையைத் தேடிப்பிடித்து, ஒரு முழ நீளத் திருகாணி நான்கைப் போட்டு முறுக்கினார். கதவு இடுக்கில் கடப்பாரை நுழையாதபடி சுற்றிலும் இரும்புக் கோணம் பற்றவைத்தார். ஜிப்சம் பலகையை எடுத்துவிட்டு இரண்டு அடுக்காக வேறு பலகை. ஈரம் உலர்த்த ஒரு சூட்டுக் குழல். தோட்டாவுக்குத் தனியாக நிலவறையில் ஒரு பெட்டி. மூன்று நாளில் முந்நூற்று நாற்பத்தொன்பது டாலர்ப் பெட்டகத்துக்குள் நானூறு டாலர்ச் சாமான் போயிருந்தது. பதினான்கில் பதினொன்று பெட்டகத்துக்குள் போனது, மிச்சம் மூன்றை க்ளைட் வீட்டுக்கு அனுப்பினார். பன்னிரண்டாவதை வைத்தால் கதவு சாத்தவில்லை.

க்ளைடைக் கூப்பிட்டுக் கடப்பாரையைக் கையில் கொடுத்தார். க்ளைடுக்குப் பழைய கணக்கு பாக்கி இருந்ததால் ஆசையாக வந்தான். இருபத்தைந்து நிமிடம் கழித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆர்லின் அன்றைக்கு இருந்த பூரிப்பில் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை என்று ட்ரூடி சொன்னாள்.

பன்னிரண்டாம் தேதி நானும் போயிருந்தேன். இவர்கள் நல்லவர்கள் என்று சாட்சி சொல்ல ஒரு ஆள் வேண்டும். வெல்லப்பாகு ஊற்றிச் சுடும் பலகாரம் ஒன்று செய்து எடுத்துப்போனேன், சாட்சிக்கு வலுச் சேர்க்க.

மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த பெண்மணியின் பெயர் டோனா ரூப். அடுத்த பள்ளத்தாக்குக்காரி, பூட்ஸில் சேறு, காதில் பென்சில். வெந்நீரில் சூடுமானியை விட்டாள். புகை மணியை அமுக்கினாள். மஞ்சள் அறையில் கட்டிலை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு, புருவத்தை உயர்த்தி எழுதிக்கொண்டாள். ஆர்லின் வரவேற்பறையில் பெட்டகத்துக்குப் பக்கத்தில், பெண் பார்க்க வந்தவர்கள் எதிரே நிற்பது போல் நின்றிருந்தார்.

டோனா வந்ததும் ஆரம்பித்தார். தகடு, கீல், உத்திரம், திருகாணி, கோணம், க்ளைடின் இடுப்பு. முழுசாக இருபது நிமிடம். அவள் குறுக்கே பேசவில்லை.

"ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க, மிஸ்டர் ஹெஸ்," என்றாள் கடைசியில். நிமிர்ந்து மானைப் பார்த்தாள். "எட்டுக் கிளைக் கொம்பா?"

"எட்டு. எண்பத்தேழுல. எங்கப்பா துப்பாக்கி."

"அழகா இருக்கு. பெட்டிய நான் ஒரு தடவ தொட்டுப் பாக்கலாமா?"

"தாராளமா. கடப்பாரை வேணுமா?"

"வேணாம்," என்றாள் டோனா.

பென்சில் முனையால் எண் பலகையில் அமுக்கினாள். மூன்று. பூஜ்யம். பூஜ்யம். ஆறு. பச்சை விளக்கு எரிந்தது. கைப்பிடியைத் திருப்பினாள். கோணம் பற்றவைத்த கதவு, எண்ணெய் போட்ட கீலில், சத்தமே இல்லாமல் திறந்தது.

 உள்ளே பதினொரு துப்பாக்கியும் வரிசையாக நின்றன.

"யாரு சொன்னது உங்களுக்கு?" என்றார் ஆர்லின்.

"நீங்கதான். சுவத்துல செதுக்கி வெச்சிருக்கீங்களே." அவள் குரலில் கேலியே இல்லை, அதுதான் கொடுமை. "இந்த மாசம் எட்டு வீடு பாத்தேன். அஞ்சு வீட்ல மூணு-பூஜ்யம்-பூஜ்யம்-ஆறு. ரெண்டு வீட்ல மூணு-பூஜ்யம்-மூணு-பூஜ்யம். ஒரு வீட்ல கம்பெனி போட்டுக் குடுத்த நம்பரையே மாத்தல. அவரு பாதிரியாரு."

ஒவ்வொருத்தனும் தன் துப்பாக்கியின் ரகத்தையே எண்ணாக வைத்திருக்கிறான். மறக்காது இல்லையா. எங்கள் பள்ளத்தாக்கில் மனிதனுக்குப் பெண்டாட்டி பிறந்தநாள் மறக்கும், இது மறக்காது. நான் மேற்கூரையைப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் பெட்டகம் மூன்று-பூஜ்யம்-மூன்று-பூஜ்யம்.

டோனா காகிதத்தைப் புரட்டினாள். "இந்தப் பொண்ணு நம்பர் எங்க இருந்தாலும் படிப்பான்னு எழுதியிருக்கே, பாத்தீங்களா? இதுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

ட்ரூடியின் கை கைப்பையின் மேல் இருந்தது, அந்த மடித்த காகிதம் இருக்கிற இடத்தில். அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஆர்லின் பார்த்தார். கடப்பாரையோடு வரும் திருடனுக்காக அவர் மூன்று நாள் முதுகொடியப் பாடுபட்டிருந்தார். இப்போது, வரப்போகிற ஒரே ஆள் தகட்டைத் தொடவே மாட்டாள் என்பது அவருக்கு உறைத்தது. பையிலிருந்து காசை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பைக்குள் போட்டார்.

டோனா சமையலறை நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"நான் காபி குடிச்சு முடிக்கப் பத்து நிமிஷம் ஆகும்," என்றாள். "அந்தப் பலகாரத்துல இன்னொரு துண்டு குடுத்தா இருபது."

நான் கத்தியை எடுத்துப் பலகாரத்தில் கால்வாசியை அப்படியே வெட்டி வைத்தேன்.

ஆர்லின் சொன்ன எண்ணைத் திங்கட்கிழமை வந்து போட்டுக் கொடுத்தது என் கடைப் பையன்; அதை மாற்றுவது எப்படி என்று ஆர்லினுக்குத் தெரியாது. விளக்கப் புத்தகம் அடுப்பில் சாம்பலாகியிருந்தது. கடைசியில் பிஸ்கட் டப்பா விற்கிற நான்தான் போய், கதவின் உள்பக்கம் கீலுக்கு அருகில் இருக்கும் சிவப்புப் பொத்தானைக் காட்டினேன். அது ஒரு இனிமையான நிமிடம், ஒத்துக்கொள்கிறேன்.

"ரெண்டு-அஞ்சு-பூஜ்யம்-ஆறு," என்றார் ஆர்லின்.

"அதுவும் துப்பாக்கி," என்றாள் டோனா சமையலறையிலிருந்து.

"ஒண்ணு-ஒம்போது-எட்டு-ஏழு."

"அது மானுக்குக் கீழ இருக்கு."

"ஒண்ணு-ஏழு-ஏழு-ஆறு. நாடு சுதந்திரம் வாங்கின வருஷம்."

"அது எங்க மாமனார் பெட்டி நம்பர்."

அதோடு ஆர்லினின் கையிருப்பு தீர்ந்தது. அறுபத்திரண்டு வருடத்தில் அந்தத் தலைக்குள் வேறு எண்ணே போகவில்லை. ட்ரூடி எழுந்து வந்தாள்.

"ரெண்டு பேரும் திரும்பி நில்லுங்க," என்றாள்.

நாங்கள் திரும்பி நின்றோம், நான் ஜன்னலைப் பார்த்து, ஆர்லின் தன் மானைப் பார்த்து. பின்னால் பொத்தான் சத்தம் கேட்டது. நான்கு இல்லை, ஆறு. அந்த எண் எனக்கு இன்றுவரை தெரியாது. டோனா வந்து தனக்குத் தெரிந்த எண்ணையெல்லாம் அமுக்கினாள், ஏழு முறை சிவப்பு எரிந்தது. பென்சிலால் கையெழுத்துப் போடக் கூடாது என்று என்னிடம் பேனா வாங்கிப் போட்டாள்.

அன்று வீட்டுக்குப் போய் எங்கள் பெட்டகத்தின் எண்ணையும் மாற்றினேன். என் கணவர் ட்வைட்டுக்கு அது மான் வேட்டைப் பருவம் தொடங்கிய அன்று காலையில்தான் தெரிந்தது. அதைப் பற்றி நாங்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இருபதாம் தேதி டெஸ்ஸா வந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோழிக் குழம்பு நூடுல்ஸ் எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். ஒல்லியான பெண், முன்பல் ஒன்று இல்லை. என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை, என் பூட்ஸின் பக்கத்தில் இருந்த அளவைப் படித்தாள். அடுப்பைப் படித்தாள். நாட்காட்டியைப் படித்தாள். பிறகு வரவேற்பறைக்குப் போய்ப் பெட்டகத்தின் முன் நின்றாள்.

ட்ரூடி எழப் போனாள். ஆர்லின் நாற்காலியில் இருந்தபடியே கையைக் காட்டினார், பொறு என்று.

டெஸ்ஸா ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு அமுக்கினாள். சிவப்பு. ஐந்தை நான்கு முறை அமுக்கினாள், அது அவள் வயது. சிவப்பு. சுற்றுமுற்றும் பார்த்தாள். அண்ணாந்து பார்த்தாள். வாய் அசைந்தது.

"மூணு," என்றாள். "பூஜ்யம். பூஜ்யம். ஆறு."

ஆர்லின் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். பாதி மேசையில் கொட்டியது, அவருக்குத் தெரியவில்லை. குழந்தை நான்கு பொத்தானையும் ஒவ்வொன்றாக, சரியாக அமுக்கினாள். அமுக்கிவிட்டுக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள். சிவப்பு எரிந்தது. தப்பாக அமுக்கிவிட்டோமோ என்று மானை மறுபடி பார்த்து, இன்னும் மெதுவாக, இன்னொரு முறை அமுக்கினாள். மறுபடியும் சிவப்பு.

திரும்பி ஆர்லினைப் பார்த்தாள். "இது கெட்டுப்போச்சு."

அவர் எழுந்து வந்து அவள் பக்கத்தில் குந்தினார். 

"இல்ல கண்ணு," என்றார். "நல்ல பெட்டி."

பத்தொன்பது வருடத்தில் ஒரு பெட்டகத்தைப் பற்றி அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் அன்றுதான் கேட்டேன்.